19 கல்லூரிகளும் கராஜில் சில ஷூ டப்பாக்களும்

கேள்வி:

டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசா. நானும் மகளும் அவரைச் சார்ந்த எச்-4 விசா. எனக்கு வேலை அனுமதி இருப்பதால் மாலை நேரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மகள் ஆறு வயதில் இங்கே வந்தவள், இப்போது அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு. சுமார் 600 பேர் உள்ள வகுப்பில் முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கிறாள். மார்ச்சில் எழுதிய எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1410. இங்கே பிறந்த மகன் 3ஆம் வகுப்பு. நான் வேலைக்குப் போனதும் அவனைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

அவளுக்குக் கல் பைத்தியம். ஓடைக்கரை, ரோடு போடும் இடம், எங்கே போனாலும் கல்லோடு வருவாள். கராஜில் ஷூ டப்பா ஷூ டப்பாவாக அடுக்கி, எந்த நாள், எந்தத் தெரு என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். ஒரு டப்பாவில் 'நாட் ஷ்யூர்' என்று எழுதியிருக்கிறது. ஜியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். கணவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே இல்லை என்கிறார். அவர் போட்ட பட்டியலில் 19 கல்லூரிகள்: 17 தனியார், அப்புறம் பெர்க்லி, யூடி ஆஸ்டின் (ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்). ஜியாலஜியில் நுழைந்துவிட்டு உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை வைத்திருக்கிறார். வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் எங்களால் முடியாது. ஒரு ஆலோசகர் 6,000 டாலர் கேட்கிறார், முதல் இருபதில் ஓரிடம் நிச்சயம் என்கிறார். கோடையில் அவள் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க வேண்டுமாம். விண்ணப்பத்தில் இனம் கேட்கும் இடத்தைக் காலியாக விடுவது நல்லதா? வீட்டில் தினமும் சண்டை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பட்டியலை எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் தரவரிசையை மேலிருந்து கீழே நகலெடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, என்னிடம் வரும் அப்பாக்களில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். இத்தனை இடத்தில் போட்டால் ஒன்றாவது விழாதா என்பது கணக்கு. ஸ்டான்ஃபோர்டும் ஹார்வர்டும் நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூட இடம் தருவதில்லை. அந்த மாதிரி இடங்களில் ஒரு கல்லூரி என்ன காரணத்துக்காக வேண்டாம் என்கிறதோ, பெரும்பாலும் அதே காரணத்துக்காகத்தான் அடுத்ததும் வேண்டாம் என்கிறது. பட்டியலை நீட்டுவதால் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடிவிடாது. கட்டுரை எழுதும் பிள்ளை களைத்துப்போவதுதான் மிச்சம். பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் 20 கல்லூரிகள் வரை போடலாம், ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும் குட்டிக் கட்டுரைகளைச் சேர்த்தால் நாற்பதைத் தாண்டிவிடும்.

கீழிருந்து கட்டுவது என்றால் இதுதான். இடம் நிச்சயம், பணம் கட்ட முடியும், அங்கே போகச் சொன்னால் பிள்ளை முகம் வாடாது: இந்த மூன்றும் உள்ள ஒரு கல்லூரியை முதலில் எழுதுங்கள். மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 'சேஃப்டி' என்று கடனே என்று ஒரு பெயரைக் கடைசியில் சேர்ப்பார்கள். ஏப்ரலில் அது மட்டும் கையில் நிற்கும்போது வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். கடைசியில் சேர்க்கிற அந்தப் பெயரை முதலில் யோசித்துவிட்டால், மேலே இருப்பதெல்லாம் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் வருத்தம், அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கு அந்த முதல் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைக் காணோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள்.

டெக்சஸில் 1997ல் ஒரு சட்டம் வந்தது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியானாலும், வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்து, தேவையான பாடத்திட்டத்தை முடித்திருந்தால், அரசுப் பல்கலைக்கழகங்கள் இடம் தந்தே ஆக வேண்டும். யூடி ஆஸ்டினுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே கூட்டம் தாங்காததால் 2009ல் சட்டத்தைத் திருத்தி, இந்த வழியில் எடுப்பவர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் அந்தச் சதவீதம் சுருங்கி, 2026 இலையுதிர் பருவத்தில் சேருபவர்களிலிருந்து முதல் 5 சதவீதம் என்று நிற்கிறது. உங்கள் மகள் 8ல் இருக்கிறாள். ஆக, யூடி ஆஸ்டினில் தானாக இடம் கிடையாது, விண்ணப்பத்தை முழுதாகப் படித்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பல்கலைக்கழக இடம் உறுதி. அங்கே ஜியாலஜி, ஜியோஃபிசிக்ஸ் துறை உண்டு. கல் பைத்தியத்துக்கு எல் பாசோவையும் சொல்வேன். அந்த ஊர் யூடி 1914ல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கியது, ஃப்ராங்க்ளின் மலை வாசலிலேயே நிற்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டம் உறுதி செய்வது பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதை மட்டும். கேட்ட மேஜர், அதாவது முதன்மைப் பாடம், கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி நெரிசலான பிரிவில் இதனால் ஏமாந்தவர்கள் நிறைய. ஜியாலஜிக்கு அந்த நெரிசல் இல்லை. இன்னொன்று, ரேங்க் 11ஆம் வகுப்பு முடிவில் மாறும். 8 என்பது 10ஐத் தாண்டிவிடாமல் இந்தப் பருவத்தை முடிப்பது எஸ்ஏடியில் கூடுதலாக 40 மதிப்பெண் வாங்குவதைவிட முக்கியம். பாடத்திட்டம் முடிகிறதா என்று பள்ளிக் கவுன்சிலரிடம் இப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பெயர் 'டிஸ்டிங்க்விஷ்ட் லெவல்'. ஒரே ஒரு கணிதப் பாடம் விட்டுப்போய் இந்த உரிமையை இழக்கப் பார்த்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

இனி அந்தக் கொல்லைப்புற வழி. ஜியாலஜியில் நுழைந்து கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவது. கொஞ்ச காலத்துக்கு முன்பு சில இடங்களில் இது நடந்தது, அதனால்தான் நண்பர்கள் வட்டத்தில் இன்னும் உலவுகிறது. இப்போது யூடி ஆஸ்டின், இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வெளியிலிருந்து நேராக அந்த மேஜரில் நுழைவது கடினம், உள்ளே போய் மாறுவது அதைவிடக் கடினம். ஏ அண்ட் எம்மில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் பிரிவுக்குள் வருகிறது. பொறியியலில் சேருகிறவர்களே முதல் ஆண்டைப் பொதுவாகப் படித்துவிட்டு, மதிப்பெண்ணை வைத்துப் பிரிவுக்குப் போட்டியிடுகிறார்கள். அப்படியிருக்க, பிடிக்காத ஒன்றுக்கு மாறுவதற்காகப் பிடித்த ஒன்றை வாசற்படியாக மட்டும் பயன்படுத்தச் சொன்னால் அந்தப் பெண் இரண்டிலும் ஒட்ட மாட்டாள்.

உங்கள் வீட்டுக்காரரின் பயம் என்ன என்று எனக்குப் புரிகிறது. கல் படித்தால் வேலை கிடைக்குமா, வேலை கிடைத்தாலும் விசா நிலைக்குமா. இரண்டாவதுக்குப் பதில் எளிது: புவி அறிவியல் பாடங்கள் அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் இருக்கின்றன. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பட்டம் முடித்தால் 12 மாத ஓபிடி, அதாவது படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி, அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு எவ்வளவோ அதேதான். முதலாவதுக்கு அவரையே ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லுங்கள். சான் அன்டோனியோ குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு எட்வர்ட்ஸ் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருகிறது. அந்தப் பாறையில் எவ்வளவு நீர் இருக்கிறது, எந்த வேகத்தில் வடிகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் நாள் முழுக்க நிரல்தான் எழுதுகிறார்கள். எண்ணெய் நிறுவனங்களில் நில அதிர்வுத் தரவைப் படிப்பவர்களும் அப்படியே. ஜியாலஜியோடு நல்ல நிரலாக்கமும் புள்ளியியலும் கற்ற பிள்ளைக்கு, வெறும் நிரலாக்கம் மட்டும் கற்ற கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை. எண்ணெய் விலை விழுந்தால் அந்தத் துறையில் ஆளெடுப்பு நின்றுபோகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அரசின் காலேஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் ஒரே கல்லூரியில் எந்த மேஜர் முடித்தவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பார்க்கலாம். அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும். யார் பக்கம் ஜெயித்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.

சரி, பணம். கடிதத்தில் 30,000 என்ற எண் ஒரே ஒரு வரியில் வந்து போகிறது. எனக்கு அதுதான் முழுக் கடிதமும்.

பட்டியலில் உள்ள தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நான்கு ஆண்டுக்கு 3,20,000. உங்களிடம் இருப்பது 1,20,000. நடுவில் 2 லட்சம் டாலர் பள்ளம். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வீட்டில் இந்தப் பள்ளத்தில் கொஞ்சத்தை மத்திய அரசு உதவியும் கடனும் நிரப்பும். எச்-4 பிள்ளைக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. ஃபாஃப்சா என்ற அரசு விண்ணப்பத்தின் வழியாக வரும் மத்திய உதவித்தொகையும் இல்லை, மாணவர் கடனும் இல்லை. தனியார் வங்கிக் கடனுக்குப் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ உடன் கையெழுத்துப் போட வேண்டும். பல தனியார் கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் உங்கள் மகளை வெளிநாட்டு மாணவர் வரிசையில்தான் வைக்கும், ஆறு வயதிலிருந்து இங்கே படித்திருந்தாலும். அந்த வரிசையில் உதவி கேட்பதே இடம் கிடைப்பதைப் பாதிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிலவே வெளிநாட்டு மாணவர் விஷயத்திலும் பணத் தேவையைப் பார்க்காமல் இடம் கொடுத்து, பிறகு தேவைக்கேற்ப உதவுகிறவை. பெர்க்லியின் நிலை இன்னும் தெளிவு: அது கலிஃபோர்னியாக்காரர்களின் அரசுப் பல்கலைக்கழகம். வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் பல மடங்கு, உதவி மிகக் குறைவு.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் 'நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்' என்று, உதவி போகக் கட்ட வேண்டியதைக் காட்டும் ஒரு கணக்குப்பொறி இருக்கும். 2011லிருந்து சட்டப்படி வைத்தாக வேண்டும். ஆனால் அதில் காட்டும் தொகை பொதுவாக மத்திய உதவிக்குத் தகுதியுள்ளவர்களை மனதில் வைத்துப் போட்டது. அதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: "என் மகள் எச்-4, அமெரிக்கப் பள்ளியில் படித்தவள், உதவிக்கு எந்த வரிசையில் வைப்பீர்கள்?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில்களை வைத்தே 19ல் பாதி தானாக உதிரும். யாரும் யாருடைய கனவையும் கலைக்க வேண்டியதில்லை, எண்கள் பார்த்துக்கொள்ளும். இந்த வேலையை உங்கள் வீட்டுக்காரரிடமே கொடுங்கள். விரிதாள் போடுவது அவருக்குப் பிடிக்கும் என்று என் ஊகம்.

டெக்சஸுக்குள் நிலைமை வேறு. இங்கே எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்கள் மாநிலக் குடியிருப்பாளராகத் தகுதி பெற முடியும், அதற்குரிய ஆவணங்களைக் கேட்பார்கள். அப்படி ஏற்றுக்கொண்டால் யூடி ஆஸ்டினில் கல்விக்கட்டணம் படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 11,000 முதல் 14,000 டாலர் அளவில் இருக்கும். விடுதி, சாப்பாடு சேர்த்தாலும் உங்கள் 30,000த்தை ஒட்டி வந்து நிற்கும், வீட்டிலிருந்து போய் வந்தால் அதற்கும் கீழே. விரலுக்கேற்ற வீக்கம் இதுதான்.

மகளுக்கு 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். கல்லூரியின் கடைசி ஆண்டில் அது வரும். அதற்கு முன் எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும். கோடையில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் போக எச்-4ல் முடியாது, எஃப்-1ல் அதற்கு வழி உண்டு என்பதால் சிலர் முன்பே மாறுகிறார்கள். ஆனால் விசா மாறினால் உள்ளூர்க் கட்டணம் தொடருமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகு மாறுங்கள். வாய் வார்த்தை போதாது. கிரீன் கார்டு வரிசையில் வயதுக் கணக்கு தனிக் கதை, உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்தக் கோடைக்குள் ஒரு அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆலோசகருக்கு வைத்த 6,000த்தில் ஒரு துளி போதும்.

அவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'நிச்சயம்' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். இந்தத் தொழிலில் யாராலும் இடத்தை நிச்சயம் செய்ய முடியாது. செய்து காட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்று 2019ல், லஞ்சம் கொடுத்துக் கல்லூரி இடம் வாங்கிய 'வார்சிட்டி ப்ளூஸ்' வழக்கில் ஊரே பார்த்தது, அதை நடத்தியவர் சிறைக்குப் போனார். நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள். நானும் அந்த வேலைதான் செய்கிறேன். ஆனால் உங்கள் மகளின் நிலைக்குப் பள்ளிக் கவுன்சிலரும் இந்தக் கடிதமும் போதும்.

கல்லூரியின் பெயரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் அதை விடமாட்டார். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வில், 1976ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் அதைவிடச் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களைப் பார்த்தார்கள். பிற்பாடு சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பெருவாரியாக, கல்லூரியின் பெயரைவிட அந்தப் பிள்ளையின் சரக்குதான் சம்பாதித்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கொஞ்சம் கைகொடுத்தது. எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023ல் ராஜ் செட்டியும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி வகைக் கல்லூரிகள் சராசரி வருமானத்தை அதிகம் மாற்றாவிட்டாலும், மிக உச்சத்தில் இருக்கும் 1 சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று வந்தது. ஆக, மகள் பெரிய முதலீட்டு வங்கி ஒன்றின் தலைவராக வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பாறைகளைப் படிக்க வேண்டும் என்றால் இல்லை.

அப்படியானால் மேலே எதுவுமே போடக்கூடாதா? தாராளமாகப் போடலாம். அடித்தளத்தில் ஏ அண்ட் எம், எல் பாசோ. நடுவில் யூடி ஆஸ்டினின் ஜாக்சன் ஸ்கூல், நாட்டிலேயே பேர் பெற்ற புவி அறிவியல் பள்ளி, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். தகுதி அடிப்படையில் பெரிய தொகை தருகிற வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றிரண்டு. அலபாமா மாதிரி இடங்களில் ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்ஏடிக்கு என்ன தொகை என்று பட்டியலே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து முடிவு செய்யலாம். உச்சியில் இரண்டோ மூன்றோ, பணம் ஒத்துவந்தால் மட்டும். ரேங்க் பார்த்து எடுக்காமல் துறை பார்த்து எடுக்கட்டும். மினசோட்டாவில் கார்ல்டன் என்று ஒரு சின்னக் கல்லூரி, உங்கள் பட்டியலில் இல்லை, ஜியாலஜிக்காரர்களிடம் கேட்டால் கண் விரியும். மொத்தம் எட்டு வந்தால் போதும். 'எர்லி டிசிஷன்' பக்கம் மட்டும் போக வேண்டாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது, பணம் எவ்வளவு என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவது உங்கள் வீட்டுக்கு ஆகாது.

சில கேள்விகளுக்குச் சுருக்கமாக. இனம் கேட்கும் இடத்தை நிரப்பினாலும் விட்டாலும் ஒன்றுதான். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு கல்லூரிகள் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பெயரே காட்டிக்கொடுக்கும் என்று கவலைப்படுகிற பெற்றோர் உண்டு, அந்த நேரத்தில் பெண்ணைத் தூங்க விடுங்கள். எஸ்ஏடியை ஆகஸ்டில் இன்னொரு முறை எழுதட்டும், யூடி ஆஸ்டின் மதிப்பெண் கட்டாயம் கேட்கிறது. அதற்கு மேல் வேண்டாம். தொண்டு நிறுவனம் வேண்டவே வேண்டாம். 17 வயதில் கோடையில் பிறந்து குளிர்காலத்தில் மறைகிற தொண்டு நிறுவனங்களைப் படித்துப் படித்துக் கல்லூரிச் சேர்க்கை அதிகாரிகளுக்கு அலுத்துவிட்டது. காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்கு 10 வரிசை, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுத 150 எழுத்துகள்தான். முதல் வரிசையில் கற்கள். இரண்டாவதில் தம்பி. ஆமாம், குடும்பப் பொறுப்பு என்றே அதில் ஒரு வகை இருக்கிறது. தினமும் மாலை ஒரு குழந்தைக்குச் சாப்பாடு போட்டு வீட்டுப்பாடம் சொல்லித் தருவது வேலைதான். நம் வீடுகளில் பிள்ளைகள் அதை எழுதவே மாட்டார்கள், 'அதெல்லாம் ஒரு ஆக்டிவிட்டியா' என்பார்கள். எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது கட்டுரை. இதைப் பற்றி நீங்கள் எதுவுமே கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பள்ளியில் வேலை பார்த்தபோது ஒரு பையன் ரோபோ போட்டியில் தோற்றதைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். முதல் பத்தி நன்றாக இருந்தது, மோட்டார் எரிந்த வாடைகூட வந்தது. மூன்றாவது பத்தியில் தன் நண்பர்களை 'ஸ்டேக்ஹோல்டர்ஸ்' என்று ஆபீஸ் பாஷையில் எழுதியிருந்தான். "அப்பா ப்ராஜெக்ட் மேனேஜரா?" என்று கேட்டேன். காது சிவந்துவிட்டது. அப்பா கெட்டவர் இல்லை, இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து மகனுக்காகத் திருத்தியிருக்கிறார். திருத்தித் திருத்திப் பையனை அதிலிருந்து துடைத்துவிட்டார். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை படிக்கிறவர்களுக்கு நாற்பது வயதுக் குரல் எது, பதினேழு வயதுக் குரல் எது என்று இரண்டு வரியில் தெரியும்.

650 சொற்கள்தான். அதில் இந்தியாவிலிருந்து வந்தது, இரண்டு பண்பாட்டுக்கு நடுவே வளர்ந்தது, தாத்தாவின் தியாகம் என்று எழுத வேண்டும் என உறவினர்கள் சொல்வார்கள். அவளுக்கு உண்மையிலேயே அது மனதில் ஓடிக்கொண்டிருந்தால் எழுதட்டும். என்னைக் கேட்டால் கட்டுரை அந்த 'நாட் ஷ்யூர்' டப்பாவுக்குள் இருக்கிறது. தெரிந்ததை அடுக்கி வைக்கிற பிள்ளைகள் நிறைய. தெரியாததற்கு ஒரு தனி டப்பா போட்டு, தேதி ஒட்டி வைத்திருக்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கல் ஏன் அந்த டப்பாவுக்குப் போனது, எத்தனை நாள் இருந்தது, எப்போது வெளியே வந்தது, வராதது எது. இதை அவள் சொன்னால் போதும், யாரும் அலங்காரம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இதை நான் சொன்னேன் என்று அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள். தலைப்பு வெளியிலிருந்து வந்தால் அதுவும் ஸ்டேக்ஹோல்டர்ஸ் மாதிரிதான். நீங்கள் செய்யக்கூடிய உதவி, எழுதி முடித்த பிறகு ஒரு தடவை படித்து, "இது நீ பேசுகிற மாதிரி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பது.

நாட்களைக் குளிர்பதனப்பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள். பள்ளி விடுமுறை விடுவதற்குள் இரண்டு ஆசிரியர்களிடம் ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்க வேண்டும், அக்டோபரில் போய் நின்றால் அவர்கள் மேசையில் நாற்பது பேர் இருப்பார்கள். மதிப்பெண் நிறையப் போட்டவரைவிட, அவள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வகுப்பு முடிந்தும் நின்றது யாருக்கு நினைவிருக்குமோ அவரைக் கேட்கட்டும். ஆகஸ்ட் 1 காமன் ஆப் புது வருடத்துக்குத் திறக்கும். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அப்ளை டெக்சஸ் என்ற தனி வழியும் உண்டு. அக்டோபர் 15 யூடி ஆஸ்டினுக்கு முன்கூட்டிய விண்ணப்பத்தின் கடைசி நாள், அதிலேயே போட்டுவிடுங்கள். டிசம்பர் 1 ஏ அண்ட் எம்முக்கு. ஜனவரித் தொடக்கம் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு. மே 1 முடிவு சொல்லும் நாள். தேதிகள் ஓரிரு நாள் நகரும், அந்தந்தத் தளத்தில் ஆகஸ்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். யாரும் எதிலும் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு உட்கார வேண்டாம். அந்த நேரத்தில் எல்லார் வீட்டிலும் இணையம் படுத்துவிடும்.

இதெல்லாம் அப்புறம். இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரே ஒரு கல்லால் வந்தது. பிரஷி ஓடையின் நடுவில் அந்த வட்டப் பாறை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மகள் அப்பாவை அங்கே அழைத்துப் போகட்டும். அது என்ன பாறை, எப்படி அங்கே வந்தது, ஏன் அந்த வடிவம் என்று சொல்லட்டும். இருபது நிமிடம் கல்லூரி என்ற சொல்லை எடுக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் கராஜில் அந்த 'நாட் ஷ்யூர்' டப்பாவைத் திறந்து ஏதாவது ஒரு கல்லை எடுத்து, "இது என்னம்மா?" என்று அவர் கேட்கட்டும். அவள் தெரியாது என்பாள். அதற்கடுத்து என்ன சொல்கிறாள் என்பதை அவர் கேட்க வேண்டும்.